பொருள் எண் 14: விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது

“பொருள் எண் 14: அக மதிப்பீட்டுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் நிர்ணயித்தல். விவாதிக்கப்பட்டு ஏற்கப்பட்டது.”

தென் மாவட்டத் தன்னாட்சிக் கல்லூரி ஒன்றின் அகாடமிக் கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானம் இவ்வளவுதான். மினிட்ஸ் ஆங்கிலத்தில் இருந்தது. இந்த வரிக்கு முன்னாலும் பின்னாலும் அந்தப் பொருளைப் பற்றி வேறொரு சொல் இல்லை. இந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இரண்டு தரப்பும் வழக்காடினோம். நான் மாணவியின் தரப்பு.

கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்ப்பவர் ஒருவர் தன் மகளின் மதிப்பெண் பட்டியலோடு என்னிடம் வந்தார். இளங்கலை இயற்பியல், கடைசிப் பருவம். ஒரு தாளில் அக மதிப்பீடு 25க்கு 8, பருவத் தேர்வு 75க்கு 44, மொத்தம் 52. பருவத் தேர்வில் 30, மொத்தத்தில் 40 எடுத்தால் தேர்ச்சி என்பதுதான் அவள் சேர்ந்த நாளிலிருந்து இருந்த விதி. இரண்டையும் தாண்டியிருந்தாள். ஆனாலும் பட்டியலில் அந்தத் தாளில் தேர்ச்சி இல்லை. விசாரித்தபோது தேர்வு அலுவலகம் ஒரு சுற்றறிக்கையைக் காட்டியது. அகாடமிக் கவுன்சில் முடிவின்படி நடப்புப் பருவம் முதல் அக மதிப்பீட்டிலும் 25க்கு 10 எடுத்தாக வேண்டும் என்றது அது. அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டியபோது இன்டர்னல் தேர்வுகள் எல்லாம் முடிந்து, மதிப்பெண்களும் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் அந்தப் பெண் இரண்டு இன்டர்னல் எழுதவில்லை. 8 மதிப்பெண்ணுக்குக் காரணம் அதுதான்.

அரியர் எழுதித் தேறிவிடலாமே என்று தோன்றும். நானும் அதைத்தான் கேட்டேன். “அதுக்குத்தான் சார் வழியில்லை. என் பிள்ளை எதை மறுபடி எழுதணும்னு ஆபீஸ்ல கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியல” என்றார். உண்மைதான். அந்தக் கல்லூரியில் பருவத் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். அக மதிப்பீட்டு மதிப்பெண்ணோ முதலில் போட்டதுதான், பிறகு மாறாது. அடுத்த முறை அவள் 75க்கு 75 எடுத்தாலும் அந்தத் தாளில் தேற முடியாது. பட்டத்தை அடைய வழியே இல்லாமல் ஒரு விதியைப் போட்டுவிட்டார்கள். முதுகலையில் அவளுக்குக் கிடைத்திருந்த இடமும் கையைவிட்டுப் போகும் நிலையில் இருந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மினிட்ஸ் நகலை வாங்கி வைத்திருந்தார் அந்தத் தந்தை. அதில்தான் மேலே சொன்ன வரியைப் படித்தேன். சுற்றறிக்கையில் கண்ட 10 மதிப்பெண்ணும் நடப்புப் பருவமும் அதில் இல்லை.

தன்னாட்சி என்பது ஆசிரியர்களுக்குக் கிடைத்த பெரிய பொறுப்பு. 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி குழு சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி தரலாம் என்று பரிந்துரைத்தது. 1978-இல் அதை முதலில் செயல்படுத்திய கல்லூரிகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள். பாடத்திட்டம், தேர்வு முறை, தேர்ச்சி விதி எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து கல்லூரியின் அகாடமிக் கவுன்சிலுக்கு வந்தன. முதல்வர் தலைவர், துறைத் தலைவர்கள், மூப்பின்படி சுழற்சியில் வரும் ஆசிரியர்கள், வெளி வல்லுநர்கள், பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் உறுப்பினர்கள். போர்டு ஆஃப் ஸ்டடீஸ் அனுப்பும் முன்மொழிவை இந்தக் குழு ஏற்கலாம், திருப்பி அனுப்பலாம், நிராகரிக்கலாம். திருப்பி அனுப்பினாலோ நிராகரித்தாலோ காரணம் சொல்ல வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியே கேட்கிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பட்டத்தைத் தீர்மானிக்கும் அவை அது. அப்படிப்பட்ட அவையின் முடிவு ஒரு வரியில் முடிந்துபோனதைப் பார்த்தபோது கோபத்தைவிட வருத்தமே எனக்கு மிகுதியாக இருந்தது.

வருத்தத்துக்குக் காரணம் இருந்தது. முடிவு தவறானதல்ல. அந்த முன்மொழிவைக் கொண்டுவந்த பேராசிரியர் அதே ஆண்டில் ஓய்வுபெற்றிருந்தார். அவரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வகுப்புக்கு வராமல், இன்டர்னல் எழுதாமல், கடைசி இரண்டு வாரம் வினா-விடைப் புத்தகத்தை உருட்டிவிட்டுப் பருவத் தேர்வை மட்டும் நம்பும் மாணவர்களைப் பல ஆண்டுகள் பார்த்துச் சலித்தவர் அவர். மூன்று பக்கத்துக்குக் குறிப்பு எழுதிக் கவுன்சிலில் வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு சேர்பவர்களிலிருந்துதான் அமல், குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களுக்கு மறுவாய்ப்பு, நோயுற்றவர்களுக்குத் தனி ஏற்பாடு என எல்லாம் அதில் இருந்தது. “நான் சொன்னதில் பாதியைக்கூட எழுதலையே வக்கீல் சார். அந்தப் பிள்ளைக்கு இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேனே” என்றார். இரண்டு ஆசிரியர்கள் கூட்டத்தில் எதிர்த்தும் பேசியிருக்கிறார்கள். அதுவும் மினிட்ஸில் இல்லை. அந்த மூன்று பக்கக் குறிப்பு இணைப்பாகக்கூடச் சேர்க்கப்படவில்லை. அப்படியென்றால் “ஏற்கப்பட்டது” என்று எழுதினார்களே, எதை ஏற்றார்கள்? குறிப்பில் இருந்ததையா, தலைவர் கடைசியில் தொகுத்துச் சொன்னதையா, தலைப்பில் இருந்த கருத்தை மட்டுமா?

கவுன்சில் நிரப்பாமல் விட்ட இடங்களை ஒரு அலுவலகம் நிரப்பிக்கொண்டது. தேர்வுக் கட்டுப்பாட்டாளர் யாருக்கும் கெடுதல் நினைத்தவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர் கைக்கு வந்தது ஒரு வரி. அதை அமல்படுத்த ஓர் எண் வேண்டும், ஒரு தேதி வேண்டும்; இரண்டையும் அவரே போட்டுக்கொண்டார். தீர்மானத்தில் விடப்படும் ஒவ்வொரு வெற்றிடமும், அதை நடைமுறைப்படுத்துகிறவருக்கு எழுதிக் கொடுக்கப்படும் அதிகாரம். ஆசிரியர்களுக்குக் கிடைத்த உரிமை இப்படித்தான் அவர்களுக்கே தெரியாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்விடுகிறது.

அந்தப் பேராசிரியரின் அஃபிடவிட்டை வாங்கித் தாக்கல் செய்யலாம் என்று என் ஜூனியர் சொன்னார். அவரும் கொடுக்கத் தயாராக இருந்தார். வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூட்டத்தில் நடந்ததை அஃபிடவிட்டால் நிரப்பலாம் என்று நாமே ஒத்துக்கொண்டால், கல்லூரியிடம் நம்மைவிட அதிக அஃபிடவிட்டுகள் இருக்கும். முதல்வர் ஒன்று கொடுப்பார், துறைத் தலைவர்கள் ஆளுக்கொன்று கொடுப்பார்கள். சட்டம் அந்தக் கதவை எப்போதோ மூடிவிட்டது. மூடியே இருப்பதுதான் மாணவிக்கு நல்லது.

அந்தக் கதவை மூடிய தீர்ப்புகள் இரண்டு. பம்பாய் அந்தேரியில் திரையரங்கு கட்டத் தந்த அனுமதியைப் போலீஸ் கமிஷனர் ரத்து செய்த வழக்கு ஒன்று. கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கு என்பார்கள். 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொது அதிகாரத்தின்கீழ் வெளியிடும் உத்தரவை அதில் எழுதப்பட்ட சொற்களைக்கொண்டே பார்க்க வேண்டும், தன் மனத்தில் என்ன இருந்தது என்று அதிகாரி பிற்பாடு தரும் விளக்கத்தைக்கொண்டு அல்ல என்று நீதிபதி விவியன் போஸ் எழுதினார். பஞ்சாபின் ஃபெரோஸ்பூர் தொகுதித் தேர்தல் பற்றிய மொஹிந்தர் சிங் கில் வழக்கு இரண்டாவது. 1977-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்தக் கோட்பாட்டை மேலும் உறுதியாக்கினார். உத்தரவில் சொன்ன காரணத்தை வைத்துத்தான் அது நிற்கும் அல்லது விழும், வழக்கு வந்த பிறகு அஃபிடவிட்டில் புதுக் காரணம் சேர்க்க முடியாது. கல்லூரியின் தீர்மானத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தும் என்பது என் வாதம்.

எதிர்த்தரப்பில் வாதாடியவர் கல்வி வழக்குகளில் பழுத்த அனுபவம் உள்ள சீனியர். தனியார் நிர்வாகத்தின்மீது ரிட் செல்லாது என்று முதலில் ஒரு ஆட்சேபம் எழுப்பினார். 1989-ஆம் ஆண்டு ஆண்டி முக்தா தீர்ப்புக்குப் பிறகு அதற்குப் பெரிய இடமில்லை. நீதிபதியும் அதில் நேரம் செலவிடவில்லை. அடுத்த வாதம் வலுவானது. கல்விசார் முடிவுகளில் வல்லுநர்களின் கருத்தை நீதிமன்றங்கள் எளிதில் மாற்றக்கூடாது என்று மைசூர் பல்கலைக்கழகத்து ஆங்கிலத் துறை நியமன வழக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லிவந்திருக்கிறது. அதை நானும் மதிக்கிறேன். 10 மதிப்பெண் வேண்டும் என்பது சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்கத் தேவையில்லை என்றே நானும் சொன்னேன். வல்லுநர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை மட்டும் காட்டச் சொன்னேன்.

அப்போதுதான் கல்லூரி இன்னொரு ஆவணத்தை எடுத்து வைத்தது. ரிட் மனுவின் நோட்டீஸ் போன பிறகு நடந்த அடுத்த கவுன்சில் கூட்டத்தின் மினிட்ஸ் அது. முந்தைய கூட்டக் குறிப்புகளை உறுதிசெய்யும்போது, பொருள் எண் 14-இன்கீழ் “நடப்புக் கல்வியாண்டு முதல் அனைத்து மாணவர்களுக்கும்” என்று ஒரு தொடரைச் சேர்த்து உறுதிசெய்திருந்தார்கள்.

கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர்கள் பலருக்கு இதில் குழப்பம் இருப்பதைக் கண்டிருக்கிறேன். மினிட்ஸை உறுதிசெய்வது என்றால், போன கூட்டத்தில் நடந்தது சரியாகப் பதிவாகியிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது. எழுத்துப்பிழை, விடுபட்ட பெயர் போன்றவற்றைத் திருத்தலாம். முடிவுக்குப் புதிய உள்ளடக்கம் சேர்க்க அந்த நேரம் உரியதல்ல. முடிவை மாற்ற வேண்டுமென்றால் அதைத் தனிப் பொருளாக அஜெண்டாவில் வைத்து, உறுப்பினர்களுக்கு முன்கூட்டி அனுப்பி, விவாதித்துப் புதிய தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அந்தப் புதிய தீர்மானமும் ஏற்கெனவே முடிந்த தேர்வுக்குப் பின்தேதியிட்டுப் பாயாது.

நீதிபதி சீனியரிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை மதிப்பெண்? எந்த ஆண்டு சேர்ந்த மாணவர்களுக்கு? அதை எடுக்காத மாணவர் என்ன செய்ய வேண்டும்? முதல் கேள்விக்கான பதில் சுற்றறிக்கையில் இருந்தது. இரண்டாவதற்கான பதில் வழக்குக்குப் பிந்தைய மினிட்ஸில் இருந்தது. மூன்றாவதற்கான பதில் எங்குமே இல்லை. ஒரு கேள்விக்குக்கூடப் பதில் தீர்மானத்தில் இல்லை.

மஞ்சுஸ்ரீ வழக்கை அந்த இடத்தில் எடுத்து வைத்தேன். ஆந்திரத்தில் மாவட்ட நீதிபதிகள் தேர்வில் எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்த பிறகு, நேர்முகத்துக்குத் தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்தார்கள். அது செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு பகுதிகள் உள்ள தேர்வில், எல்லாம் முடிந்த பிறகு ஒரு பகுதிக்கு மட்டும் புது வரம்பு வைப்பதுதான் இங்கும் நடந்திருக்கிறது. அதற்கு மேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை.

மாணவிக்கு அந்தத் தாளில் தேர்ச்சி வழங்கவும், இரண்டு வாரத்துக்குள் புரொவிஷனல் சான்றிதழ் கொடுக்கவும் உத்தரவானது. குறைந்தபட்ச மதிப்பெண் வேண்டுமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. இனி சேரும் மாணவர்களுக்கு முறையான தீர்மானத்தால் விதி வகுக்கக் கவுன்சிலுக்கு முழு உரிமை உண்டு என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். அந்தப் பகுதியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஏனென்றால் வழக்கின் நல்ல பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மறுபடி ஒரு வழக்கு வரக்கூடாது என்பதற்காகக் கல்லூரியின் சீனியர், புதிய தீர்மானத்தின் வரைவை என் பார்வைக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறார். கவுன்சிலின் உறுப்பினர்-செயலர் வரைவோடு வந்தார். ஓய்வுபெற்ற பேராசிரியரையும் கூட அழைத்து வந்திருந்தார். ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்தோம்.

முதல் வரைவு ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணங்களை அடுக்கியது. உயர்கல்வியின் மேன்மை, கல்லூரியின் பாரம்பரியம், நிறுவனரின் கனவு எல்லாம் இருந்தன. தீர்மானமான பகுதி கடைசி இரண்டு வரி. காரணம் வேண்டும், ஆனால் முடிவைத் தாங்கும் காரணம் மட்டும் போதும். அலங்காரமாக எழுதப்படும் ஒவ்வொரு வாக்கியமும் நாளைக்கு ஒரு வழக்கறிஞர் பிடித்துக்கொள்ளும் கொம்பு. கடைசியில் நாங்கள் எழுதியது ஏறத்தாழ இப்படி இருந்தது:

“பருவத் தேர்வை மட்டுமே நம்பிப் பலர் தேர்ச்சி பெறுவதால் தொடர் மதிப்பீட்டின் நோக்கம் நிறைவேறவில்லை என்று இக்குழு கருதுகிறது. ஆகவே, தேர்வு விதிகளை வகுக்கத் தனக்குள்ள அதிகாரத்தின்படி இக்குழு தீர்மானிக்கிறது: குறிப்பிட்ட கல்வியாண்டிலும் அதன் பின்னரும் முதலாம் ஆண்டில் சேரும் இளங்கலை மாணவர், ஒவ்வொரு எழுத்துத் தாளிலும் அக மதிப்பீட்டில் 25க்குக் குறைந்தது 10 மதிப்பெண் பெற வேண்டும். அதற்கு முன் சேர்ந்தவர்களுக்கு, அவர்கள் பின்னாளில் அரியர் எழுதும்போதும், பழைய விதியே பொருந்தும். 10 மதிப்பெண் பெறாதவர் அடுத்த பருவத்தில் அந்தத் தாளின் அக மதிப்பீட்டுத் தேர்வுகளை மறுபடி எழுதலாம்; இரண்டில் உயர்ந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படும். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதால் எழுதாதவர்களுக்கு அதே பருவத்தில் மாற்றுத் தேர்வு நடத்தப்படும். தேர்ச்சி பற்றிய விதி இதன்படி திருத்தப்படுகிறது. திருத்திய விதியைத் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் ஜூன் 30க்குள் வெளியிட்டு, மாணவர் கையேட்டிலும் சேர்க்க வேண்டும்.”

அசலில் கல்வியாண்டை எண்ணில் எழுதினோம். முதல் வரைவில் “வரும் கல்வியாண்டு முதல்” என்று இருந்தது. மார்ச்சில் நடக்க வேண்டிய கூட்டம் ஜூலைக்குத் தள்ளிப்போனால் “வரும் ஆண்டு” எது என்று இன்னொரு ரிட் வரும். அரியர் பற்றிய தொடரில்தான் நெடுநேரம் விவாதித்தோம். பழைய மாணவன் ஒருவன் இரண்டு ஆண்டு கழித்து அரியர் எழுத வருவான். புது மாணவர்களோடு ஒரே அறையில் உட்காருவான். அவனுக்கு எந்த விதி? பேராசிரியருக்கே இந்தக் கேள்வி முன்பு தோன்றியதில்லை. “எழுத்துத் தாள்” என்று குறித்ததும் வேண்டுமென்றேதான். செய்முறைத் தாளில் மதிப்பெண் பங்கீடு வேறு. அங்கே 25 என்ற கணக்கே கிடையாது.

“தீர்மானிக்கிறது” என்ற வினையையும் எடைபோட்டோம். தேர்வு விதியில் கவுன்சில் தானே முடிவெடுக்கலாம். புதிய படிப்பு தொடங்குவது போன்றவற்றில் அது ஆட்சிக்குழுவுக்குப் பரிந்துரைக்க மட்டுமே முடியும். பரிந்துரைக்க வேண்டிய இடத்தில் தீர்மானித்தால் அதிகாரமில்லை என்று விழும். தீர்மானிக்க வேண்டிய இடத்தில் பரிந்துரைத்தால், ஆட்சிக்குழு எடுத்துக்கொள்ளும்வரை கோப்பிலேயே கிடக்கும். காலிப் பணியிடங்களை நிரப்பக் கோரி ஆசிரியர் அவைகள் போடும் தீர்மானங்கள் பல இப்படித்தான் வீணாகின்றன. “அரசைக் கேட்டுக்கொள்கிறது” என்றிருக்கும்; எந்தத் துறைக்கு, யார் மூலம், எந்தத் தேதிக்குள் அனுப்புவது என்று இருக்காது. யாரும் அனுப்பியிருக்கவும் மாட்டார்கள்.

உறுப்பினர்-செயலர் வருகைப்பதிவு விதியையும் இதே தீர்மானத்தில் சேர்த்துவிடலாம் என்றார். பேராசிரியர் மறுத்தார். ஒன்றை ஆதரித்து மற்றொன்றை எதிர்ப்பவர் எப்படிக் கை தூக்குவார் என்று கேட்டார். சட்டப்படியும் அவர் சொன்னது சரி. இரண்டை ஒன்றாகக் கட்டினால், நீதிமன்றத்தில் ஒன்று விழும்போது மற்றொன்றையும் இழுத்துக்கொண்டு விழலாம்.

அந்த வரைவு அஜெண்டாவோடு எல்லா உறுப்பினர்களுக்கும் முன்கூட்டியே போனது. முதல்முறை இந்தப் பொருள், தலைவர் அனுமதியுடன் மேசையில் வைக்கப்பட்ட டேபிள் ஐட்டமாக வந்திருந்தது. பல்கலைக்கழகப் பிரதிநிதிகள் அதைப் படித்துப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் இருந்தது. இந்த முறை அவர்களே ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். மருத்துவமனைச் சான்றை யார் சரிபார்ப்பது என்பதையும் சேர்த்தார்கள். இருவர் எதிர்த்து வாக்களித்தனர். அவர்கள் பெயரும் காரணமும் மினிட்ஸில் பதிவாயின. ஒருமனதாக என்று பொய்யாக எழுதியிருந்தால் அந்த இருவருக்கு மட்டுமல்ல, நிறைவேறிய தீர்மானத்துக்கும் அது கெடுதல். எதிர்ப்பைக் கேட்ட பிறகும் எடுத்த முடிவு என்பதுதான் ஒரு தீர்மானத்துக்கு நீதிமன்றத்தில் கிடைக்கும் பெரிய பலம்.

அந்த விதி இன்றும் அங்கே அமலில் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்கு எதுவும் வரவில்லை. மாணவி முதுகலை முடித்து, இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறாள்.

கல்விக்குழுவிலோ, செனட்டிலோ, ஆசிரியர் அவையிலோ உறுப்பினராக இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் தலைவர் “எல்லோருக்கும் சம்மதம்தானே?” என்று கேட்டதும் தலையசைத்துவிடாதீர்கள். தீர்மானத்தின் முழு வாசகத்தையும் அங்கேயே எழுதி, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எவ்வளவு, முடியாதவர் என்ன செய்வது, யார் நிறைவேற்றுவது என்பதெல்லாம் காதில் விழுந்த பிறகு கை தூக்குங்கள். கூட்டம் கலைந்த பிறகு வேறு யாரோ எழுதிக்கொள்ளும்படி அந்த வாசகத்தை விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.